பதினான்கு முறை உருட்டியும் தாயம் விழவில்லை

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பிளானோவில் மே மாதம் என்றால் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தில், ஒரு கண் போனில். ஆலங்கட்டி விழலாம் என்று இரண்டு காரையும் கராஜுக்குள் விட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஹாலில் அம்மா சார்ட் பேப்பரில் தாயக்கட்டம் வரைந்து முடித்திருந்தார். தென்காசியிலிருந்து வரும்போது புளி, வத்தல், மிளகாய்ப்பொடியோடு பித்தளைத் தாயக்கட்டையும் பெட்டியில் வந்திருந்தது. அம்மா, மனைவி, நான், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் என நாலு பேர் உட்கார்ந்தோம்.

இங்கேயே பிறந்து வளர்ந்து, தாயம் ஆடிப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நீளமான நாலு பக்கக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, இன்னொரு பக்கம் வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. கூட்டுத்தொகை ஒன்று வந்தால் அதுதான் தாயம். தாயம் விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். இது எங்கள் வீட்டு விதி.

மற்ற மூன்று பேரும் காய் இறக்கியாச்சு. என் மகள் பதினான்கு முறை உருட்டிவிட்டாள், தாயம் வரவே இல்லை. "திஸ் இஸ் நாட் ஃபேர்ப்பா. எனக்கு லக்கே கிடையாது" என்று கட்டையைத் தள்ளினாள். அம்மா சமாதானப்படுத்தினார்: "ஏட்டி, இவ்வளவு நேரம் விழலைன்னா அடுத்தது உனக்குத்தான். உருட்டிப் பாரு."

பேத்தி சொன்னதும் தப்பு, ஆச்சி சொன்னதும் தப்பு. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் இதே இரண்டு தப்பையும் நான் ஒரு தடவை பெரிய விஷயத்தில் செய்திருக்கிறேன், அவள் பிறப்பதற்கு முன்னால். அந்தக் கதை கடைசியில் வருகிறது. அதனால்தான் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தி ஒரு பேப்பரை எடுத்தேன்.

பதினாறு கட்டம்

டெக்சஸ் பள்ளிகளில் ஏழாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு வருகிறது. என்னென்ன நடக்கலாம் என்று முழுப் பட்டியல் போடுவதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்குக் கூறுவெளி என்று பெயர். முதல் கட்டையில் நாலு பக்கம், இரண்டாவதில் நாலு பக்கம். ஆக 16 விதமாக விழலாம். மகளையே எண்ணச் சொன்னேன்.

1 (தாயம்): 16-ல் 2
2: 16-ல் 3
3: 16-ல் 4
4: 16-ல் 3
5: 16-ல் 2
6: 16-ல் 1
12: 16-ல் 1

இப்படி, நடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைக் கொடுக்கும் விதிக்குத்தான் சமவாய்ப்பு மாறி, அதாவது ரேண்டம் வேரியபிள் என்று பெயர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். "கட்டை எப்படி விழுந்தால் எத்தனை" என்ற எங்கள் வீட்டு விதி அவ்வளவுதான். இரண்டு வெறுமைக்குப் பூஜ்யம் என்றும் வைத்திருக்கலாம். பன்னிரண்டு என்று வைத்தது நாம். கட்டை அதேதான், மாறி வேறு. எந்த எண் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற மேலே உள்ள பட்டியல்தான் அதன் நிகழ்தகவுப் பரவல்.

பட்டியலைப் பார்த்ததும் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இன்னொரு முறை உருட்டச் சலுகை தருவது 1, 5, 6, 12 என்ற அபூர்வமான எண்களுக்கு மட்டும். அடிக்கடி விழும் 2, 3, 4-க்குச் சலுகை இல்லை. நானும் சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன், இதைக் கவனித்ததே இல்லை. இந்த விதியைப் போட்டவர்களுக்குப் பின்னம் தெரிந்ததோ இல்லையோ, எது அரிது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சராசரியையும் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு எண்ணையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 60-ஐ 16-ஆல் வகுத்த 3.75 வருகிறது. இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள். ஆனால் 3.75 என்று எந்தக் கட்டையும் விழாது. "அப்போ யாரு அதை எதிர்பார்க்கிறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு உருட்டலுக்குச் சராசரியால் பயன் இல்லை. ஆயிரம் முறை உருட்டினால் மொத்தம் 3750-க்குப் பக்கத்தில் நிற்கும் என்று சொல்லத்தான் அது.

கட்டைக்கு ஞாபகம் கிடையாது

இப்போது அவளுடைய புகாருக்கு வருவோம். ஒரு உருட்டலில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. விழாமல் போக எட்டில் ஏழு. தொடர்ந்து பதினான்கு முறை விழாமல் போக, எட்டில் ஏழைப் பதினான்கு தடவை பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் சுமார் 15% வந்தது. ஏழு பேர் ஆடினால் அதில் ஒருவருக்கு நடப்பது. அபூர்வம் என்று சொல்ல முடியாது. நாலு பேர் உட்கார்ந்து ஆடும்போது, யாராவது ஒருவர் தன் முதல் பதினான்கு உருட்டலிலும் தாயம் இல்லாமல் தவிப்பதற்கான வாய்ப்பு 49%. கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்தில் யாரோ ஒருவர் "எனக்கு லக்கே இல்லை" என்று சொல்லத்தான் போகிறார். அன்றைக்கு அது அவளாக இருந்தாள்.

ஆச்சி சொன்ன "அடுத்தது உனக்குத்தான்"? அதுவும் இல்லை. பதினைந்தாவது உருட்டலிலும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். முந்தைய பதினான்கும் கட்டைக்கு ஞாபகம் இருக்காது. கணக்கு மொழியில் ஒவ்வொரு உருட்டலும் ஒன்றையொன்று சாராதது.

லாட்டரி டிக்கெட் வாங்கும் நண்பர்களுக்கும் இந்தக் கட்டையை வைத்தே ஒன்று சொல்லலாம். லோட்டோ டெக்சஸில் 54 எண்களில் 6 சரியாக அமைய வேண்டும். மொத்தம் 2,58,27,165 சேர்க்கைகளில் ஒன்று. தாயக்கட்டையில் தொடர்ந்து ஆறு முறை பன்னிரண்டு விழ 1,67,77,216-ல் ஒரு வாய்ப்பு. ஆறு பன்னிரண்டு வரிசையாக விழுவதை உங்கள் வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா? ஜாக்பாட் அதைவிட அரிது.

எண்ணுவது, அளப்பது

சமவாய்ப்பு மாறிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, எண்ணக்கூடியது: தாயம் விழ எத்தனை உருட்டல் ஆனது, இந்த வருஷம் எத்தனை நாள் ஆலங்கட்டி விழுந்தது, பள்ளியில் இன்று எத்தனை பேர் லீவு. இது தனிநிலை மாறி. இன்னொன்று, அளக்கக்கூடியது: ஆலங்கட்டியின் விட்டம், பெய்த மழையின் அளவு, குழந்தையின் எடை. இது தொடர் மாறி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கணக்கில்லாத மதிப்புகள் அதில் இருக்கும்.

தொடர் மாறியில் ஒரு வினோதம் உண்டு. "ஆலங்கட்டியின் விட்டம் துல்லியமாக ஒரு அங்குலமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் பூஜ்யம். எத்தனை தசமம் போனாலும் எங்கேயோ ஒரு இலக்கம் பிசகும். அதனால் "ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்குமா" என்று எல்லை வைத்துத்தான் கேட்க வேண்டும். நான் வேலையில் தினமும் செய்வது இதுதான். சர்வர் சராசரியாக எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்பதோடு நிறுத்தினால், பத்து விநாடி காத்திருந்து கடுப்பாகி மூடிவிட்டுப் போனவர் கணக்கில் தெரியவே மாட்டார். நூறு ரெக்வெஸ்டில் தொண்ணூற்றொன்பது எத்தனை விநாடிக்குள் முடிகிறது என்று கேட்டால்தான் தெரிவார்.

போனில் வரும் "40% மழை" இன்னும் எளிது. மழை உண்டு, இல்லை என்று இரண்டே பதில். தேசிய வானிலை சேவையின் கணக்கில், அந்த நேரத்துக்குள் நீங்கள் இருக்கும் இடத்தில் நூறில் ஒரு அங்குலமாவது மழை பதிவாக 40% வாய்ப்பு என்று அர்த்தம். ஊரில் 40% இடத்தில் பெய்யும் என்றோ, நாளில் 40% நேரம் பெய்யும் என்றோ அர்த்தமில்லை. எவ்வளவு பெய்யும் என்றும் அது சொல்லாது.

பெற்றோருக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது குழந்தை மருத்துவர் காட்டும் வளர்ச்சி வரைபடம். "எடை 8-ஆவது பெர்சென்டைல்" என்று டாக்டர் சொன்னால், அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, "நூத்துக்கு எட்டு மார்க்கா?" என்கிற அளவுக்குக் கவலை. அது மார்க் இல்லை. அதே வயது, அதே பாலினக் குழந்தைகள் நூறு பேரை எடைப்படி வரிசையில் நிறுத்தினால், சுமார் எட்டுப் பேர் உங்கள் பிள்ளையைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆரோக்கியமான நூறு குழந்தைகளை நிறுத்தினாலும் யாரோ ஒருவர் எட்டாவது இடத்தில் நின்றே ஆக வேண்டும். பெரும்பாலும் டாக்டர் பார்ப்பது பிள்ளை தன் கோட்டிலேயே போகிறதா, திடீரென்று விலகுகிறதா என்பதை. அமெரிக்காவில் இரண்டு வயது வரை பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடம் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்காவோடு இந்தியாவும் அதில் ஒன்று. "இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு" என்று தாத்தா சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஆலங்கட்டி தனித்தனியாக வராது

இந்த இடத்தில் வெளியே சத்தம் ஆரம்பித்தது. பட்டாணி அளவுதான், பயமில்லை. ஆனால் 2016 மார்ச் 23-ஐ நினைவு வைத்திருக்கும் பிளானோக்காரர்களுக்குக் கூரையில் எந்தச் சத்தம் கேட்டாலும் வயிறு கலங்கும். அந்த ஆலங்கட்டி மழைக்குப் பிறகு தெருத் தெருவாகக் கூரை மாற்றினார்கள்.

தாயக்கட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. என் கட்டையும் உங்கள் கட்டையும் ஒன்றையொன்று சாராதவை. என் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் அப்படியில்லை. ஒரே மேகம், ஒரே ராத்திரி. ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் ஆயிரம் பேரின் பிரீமியத்திலிருந்து இன்சூரன்ஸ் கொடுத்துவிடலாம். ஆயிரம் பேரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால்? டெக்சஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள் வைத்து, அதை வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1%, 2% என்று பல பாலிசிகள் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து லட்சம் டாலர் பாலிசியில் 2% என்றால் முதல் பத்தாயிரம் டாலர் உங்கள் கையிலிருந்து. பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கஜானாவே காலியாகும் அளவுக்கு ஒரு கெட்ட வருஷம் வர எவ்வளவு வாய்ப்பு? இந்த மாதிரிக் கேள்வியிலிருந்துதான் ஸ்வீடனின் ஹரால்ட் கிராமர் 1938-ல் ஒரு தேற்றத்தை நிறுவினார். சராசரியிலிருந்து வெகுதூரம் விலகும் அரிய நிகழ்வுகள் எவ்வளவு அரிது என்று கணக்கிடும் வழி அது. பிற்பாடு அதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தவர் நம் ஊர்க்காரர், எஸ்.ஆர். ஸ்ரீநிவாச வரதன். 1940-ல் சென்னையில் பிறந்து, பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து, 1963-ல் நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்துக்கு வந்தவர். 'பெரு விலகல்கள்' பற்றிய கோட்பாட்டுக்காக 2007-ல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார். ராமானுஜன் பெயரை நம் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். வரதன் பெயரையும் சொல்லிவைப்போம்.

320 முறை உருட்டினோம்

மகள் விடவில்லை. "நீங்க சொல்ற எட்டில் ஒண்ணு எல்லாம் கட்டை சரியா இருந்தாத்தானே? இது ஆச்சியோட பழைய கட்டை. ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு."

அங்கேதான் நிகழ்தகவு முடிந்து புள்ளியியல் தொடங்குகிறது. கட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டு எப்படி விழும் என்று சொல்வது நிகழ்தகவு. எப்படி விழுந்தது என்று பார்த்துவிட்டுக் கட்டை எப்படிப்பட்டது என்று ஊகிப்பது புள்ளியியல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆச்சியும் பேத்தியும் உட்கார்ந்து 320 முறை உருட்டி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கணக்கு வைத்தார்கள்.

கட்டை நேர்மையானது என்றால் தாயம் 40 முறை வர வேண்டும், 36 வந்தது. பன்னிரண்டு 20 வர வேண்டும், 24 வந்தது. "பாத்தீங்களா, கட்டை சரியில்லை!" என்றாள். எவ்வளவு விலகினால் சந்தேகப்படலாம் என்பதற்குத்தான் திட்டவிலக்கம் என்ற அளவு. 320 உருட்டலில் பன்னிரண்டின் எண்ணிக்கைக்கு அது 4-க்குக் கொஞ்சம் மேல். அதாவது நேர்மையான கட்டையிலேயே 16-லிருந்து 24 வரை ஆடுவது சகஜம். தாயத்துக்கு அது கிட்டத்தட்ட 6. ஆக இரண்டுமே சாதாரண ஆட்டம்தான். 20-க்குப் பதில் 35 வந்திருந்தால் நானே கட்டையைச் சந்தேகப்பட்டிருப்பேன். கட்டை சுத்தம் என்று நிரூபித்துவிட்டோமா என்றால் அதுவும் இல்லை. கோளாறு இருப்பதாகச் சொல்ல இந்த 320 போதாது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆம், இல்லை என்று சொல்லாத கணக்கு பன்னிரண்டு வயதில் யாருக்கும் பிடிக்காது.

அந்தப் போன் கால்

இப்போது அந்தக் கதை. மகள் வயிற்றில் இருக்கும்போது, நாலாவது மாதம் தாண்டி வழக்கமான ஒரு ரத்தப் பரிசோதனை. தாயின் ரத்தத்தில் சில பொருள்களின் அளவையும் வயதையும் வைத்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவது. ஒரு வியாழக்கிழமை மதியம் கிளினிக்கிலிருந்து போன்: "ஸ்க்ரீன் பாசிட்டிவ். மேலும் பேச அடுத்த வாரம் வாருங்கள்." அவ்வளவுதான் சொன்னார்கள்.

நான் மாஸ்டர்ஸ் படித்தவன். நிகழ்தகவுப் பாடத்தில் ஏ கிரேடு. ஆனால் அந்த ஆறு நாளும் என் காதில் விழுந்தது "பாசிட்டிவ்" என்ற ஒரே வார்த்தை. மனைவி சாப்பிடவில்லை. ஊரில் அம்மா நேர்த்திக்கடன் வைத்தார். "நமக்கு மட்டும் ஏன்?" என்று நான் கேட்டது, "எனக்கு லக்கே இல்லை" என்று மகள் சொன்னதன் பெரிய ஆள் வடிவம்.

அடுத்த வாரம் ஜெனடிக் கவுன்சிலர் ஒரு பேப்பரில் எண்ணைக் காட்டினார்: 180-ல் ஒன்று. இதே எண் வந்த 180 பெண்களை வரிசையாக உட்கார வைத்தால் 179 பேரின் குழந்தைக்கு இது இல்லை, ஒருவருக்கு இருக்கும். சதவீதத்தில் பார்த்தால் 1-ஐக்கூடத் தொடவில்லை. ஆய்வகம் ஒரு எல்லை வைத்திருக்கிறது, அதைத் தாண்டியதால் 'பாசிட்டிவ்' என்று பெயர். அப்புறம் அவர் போட்டுக்காட்டிய கணக்கின் மாதிரி இது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நிலை, இருந்தால் 80% கண்டுபிடிக்கும் பரிசோதனை, இல்லாதவர்களிலும் 5% பேருக்குத் தவறாக எச்சரிக்கை என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் 10 பேருக்கு உண்மையில் உண்டு, அதில் 8 பேருக்குப் போன் வரும். மீதி 9,990 பேரில் 5% என்றால் சுமார் 500 பேருக்கும் போன் வரும். ஆக அந்தப் போன் வரும் 508 பேரில் 500 பேரின் குழந்தைக்கு இது கிடையாது.

அடுத்த பரிசோதனையில் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. இருந்திருந்தாலும் கணக்கு தப்பாகியிருக்காது. அந்த ஒரு நாற்காலியிலும் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அந்தக் குழந்தையும் அன்போடு வளர வேண்டிய குழந்தைதான். நாம் எந்த நாற்காலி என்று நிகழ்தகவு சொல்லாது. எத்தனை நாற்காலி என்று மட்டும் சொல்லும். அது தெரிந்திருந்தால் அந்த ஆறு நாளில் மனைவி ஒரு வாய் சாதமாவது சாப்பிட்டிருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது பரவலாகச் செய்யப்படும் புதிய டிஎன்ஏ ரத்தப் பரிசோதனைகளில் தவறான எச்சரிக்கை வெகு குறைவு. ஆனால் அவையும் ஸ்க்ரீனிங்தான், உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. எந்த ரிசல்ட் வந்தாலும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது ஸ்க்ரீனிங்கா, உறுதியா? எத்தனையில் ஒன்று? இதே ரிசல்ட் வருபவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது? போனில் சொல்லும்போதே கேளுங்கள், அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் தாயக்கட்டை இல்லையென்றால் அடுத்த தடவை ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவையுங்கள், ஸ்வீட் பாக்ஸுக்கு நடுவில் இடம் இருக்கும். முதலில் சும்மா ஆடுங்கள். யாராவது "எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது" என்று சிணுங்கும்போது பேப்பரை எடுத்தால் போதும்.

அன்றைக்கு ஆட்டம் என்னாச்சு என்று கேட்பீர்கள். மகளுக்குப் பத்தொன்பதாவது உருட்டலில் தாயம் விழுந்தது. அதற்குள் அம்மாவின் இரண்டு காய் பழம் ஆகிவிட்டது. அம்மா ஆகஸ்டில் ஊருக்குக் கிளம்பிவிட்டார், கட்டையை இங்கேயே விட்டுவிட்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் ஆட்டம். அம்மாவுக்கும் சேர்த்து மகள்தான் உருட்டுகிறாள். போன வாரம் அம்மாவுக்கு ரொம்ப நேரம் தாயமே விழவில்லை. "ஏட்டி, நீ உருட்டுறதுல எதும் கள்ளத்தனம் இல்லையே?" என்றார். மகள் நோட்டைத் திருப்பிக் கேமராவில் காட்டினாள்: "பதினோரு தடவைதான் ஆச்சு ஆச்சி. இன்னும் சந்தேகப்பட முடியாது."